பின்கதவு டிக்கட்

வளைகுடா நாடொன்றின் கடல் பூங்காவில் தண்ணீர் சுத்திகரிக்கும் பிரிவில் வேலை பார்த்துவிட்டு ஹட்டனுக்குத் திரும்பியிருக்கும் நம் வாசகர் ஒருவர் இந்த இதழில் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: என் மகன் அபுதாபியில் வேலை செய்கிறான். பள்ளிக்கூட லீவுக்கு என்னையும் பேத்தியையும் கூப்பிட்டிருக்கிறான். அங்கே ஒரு கடல் பூங்காவுக்குக் கூட்டிப்போவானாம். சாதாரண டிக்கட்டுக்கு மேலே இன்னொரு டிக்கட் எடுத்தால் மிருகங்களைப் பராமரிக்கும் பின்பக்கத்தையும் சுற்றிக் காட்டுவார்களாம். அவ்வளவு காசு கொடுத்துப் பார்க்க அங்கே என்ன இருக்கிறது?
– பொகவந்தலாவை வாசகி

பதில்: எடுங்கள் அம்மா. காட்சி அரங்கில் உட்கார்ந்து கைதட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் காசு கட்டுவதற்கு முன் மகனை ஒன்று விசாரிக்கச் சொல்லுங்கள்: மீன் தயாரிக்கும் சமையலறையும் பம்ப் அறையும் அந்தச் சுற்றில் உண்டா? உண்டு என்றால் கொடுக்கலாம். பென்குவின் பக்கத்தில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு வருவது மட்டும்தான் என்றால், அந்தக் காசில் பேத்திக்கு நல்லதாக ஒரு சோடி சப்பாத்து வாங்குங்கள்.

நம் பக்கத்தில் தேயிலைத் தொழிற்சாலையை வெளிநாட்டுக்காரருக்குச் சுற்றிக் காட்டுகிறார்கள் இல்லையா? கொழுந்து வாட்டும் மாடி, ரோலர், சல்லடை எல்லாம் காட்டி, கடைசியில் ஒரு கோப்பைத் தேநீரும் கொடுப்பார்கள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கம் யாரும் கூட்டிப்போவதில்லை. கடல் பூங்காவின் பின்பக்கமும் அப்படித்தான். காட்டுவதற்கென்று ஒரு பின்பக்கம் உண்டு. காட்டாத பின்பக்கம் வேறு. ஆனாலும் காட்டுகிற இடத்திலேயே பொய் சொல்லத் தெரியாத இரண்டு சாமான்கள் இருக்கின்றன: சாப்பாடும் தண்ணீரும். அந்த இரண்டையும் பார்க்கத் தெரிந்துகொண்டு போனால் கொடுத்த காசு வீண்போகாது.

முதலில் சமையலறை. உள்ளே போனதும் மீன் கவிச்சை முகத்தில் அடிக்கக்கூடாது. நல்ல இடமென்றால் குளிர்தான் முதலில் தெரியும். ஹெரிங், கப்பலின் என்ற குளிர்கடல் மீன்களும் கணவாயும் பெட்டி பெட்டியாக உறைந்து வந்து இறங்கும். மனிதர் தின்னும் தரத்தில் உள்ளதைத்தான் வாங்குவார்கள். முதல் நாளே குளிரறைக்கு மாற்றி மெல்ல மெல்ல உருக விடுவார்கள். அவசரப்பட்டு வெந்நீரில் போட்டால் மீன் கெட்டுப்போகும். காலையில் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்து, வயிறு கிழிந்தது, தோல் உரிந்தது, கண் கலங்கியது எல்லாவற்றையும் கழித்துவிடுவார்கள். கொழும்பிலிருந்து லொறியில் ஏறி, வளைவு வளைவாகச் சுற்றி ஹட்டன் சந்தைக்கு வந்து சேரும் மீனைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தக் குப்பைத்தொட்டியை முதன்முதல் பார்த்தபோது நெஞ்சு பதறிவிட்டது. அதில் கிடந்ததை வைத்து எங்கள் லயத்தில் ஒரு கல்யாணச் சாப்பாடே போட்டிருக்கலாம்.

உறைந்த மீனில் ஒரு வில்லங்கம் உண்டு. ஹெரிங், கப்பலின் மாதிரியான மீன்களில் தயமினேஸ் என்றொரு நொதியம் இருக்கிறது. மீன் செத்த பிறகும் அது சும்மா கிடக்காது; விற்றமின் பி1ஐத் தின்றுகொண்டே இருக்கும். மாற்று ஏற்பாடு இல்லாமல் அதே மீனை மாதக்கணக்கில் தின்னும் மிருகத்துக்கு நரம்பு பாதிக்கப்பட்டு வலிப்புக்கூட வரலாம். அதனால் பி1, ஈ விற்றமின் மாத்திரைகளை மீனின் செவுளுக்குள் செருகிக் கொடுப்பார்கள். பேத்திக்கு இதைக் கட்டாயம் காட்டுங்கள். மருந்து குடிக்க அடம்பிடிக்கிற பிள்ளை என்றால் பிறகு வீட்டில் உதவும்.

இன்னொன்று, டொல்பின் கடலில் வாழ்ந்தாலும் அதன் தாகம் தீர்வது பெரும்பாலும் தின்னும் மீனில் உள்ள நீரால்தான். உறைந்து உருகிய மீனில் அந்த நீர் குறைந்துபோகும். ஆகவே நிறமும் இனிப்பும் போடாத ஜெலிக் கட்டிகள் கொடுப்பார்கள். டொல்பின் அதை மீனைவிட ஆசையாகக் கவ்வுவதை நான் பார்த்திருக்கிறேன்.

பிறகு வாளிகளைப் பாருங்கள். ஒவ்வொரு மிருகத்துக்கும் தனி வாளி, அதில் அதன் பெயர், எத்தனை கிலோ என்ற கணக்கு. காட்டுமிருகம் நோயை ஒளித்து வைக்கும். சாப்பாட்டை வேண்டாம் என்பதுதான் பெரும்பாலும் முதல் அறிகுறி. அதனால் வழிகாட்டியிடம் மெதுவாகக் கேளுங்கள்: "நேற்று யார் மிச்சம் வைத்தது?" சட்டென்று பெயரும் காரணமும் வந்தால் அது ஒழுங்கான இடம். "எல்லோரும் நன்றாகச் சாப்பிடுகிறார்கள் மேடம்" என்று சிரித்தால், பயிற்சி கொடுத்து மனப்பாடம் செய்யவைத்த பதில் அது.

அடுத்தது பம்ப் அறை, நான் வேலை செய்த இடம். வழிகாட்டிகள் இதை ஓட்டமாகக் கடந்துவிடுவார்கள், சத்தம் அதிகம், படம் எடுக்க அழகில்லை. நீங்கள் நின்று பாருங்கள். கடல் தண்ணீரில் லீற்றருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அந்த உப்பையும் வைத்துக்கொண்டு, மிருகம் கழிப்பதையும் தின்ற மிச்சத்தையும் மட்டும் எடுத்துவிட வேண்டும். மணல் நிரப்பிய பெரிய பில்டர்கள் கலங்கலைப் பிடிக்கும். ஸ்கிம்மர் என்ற உயரமான குழாய்க்குள் காற்றுக் குமிழியை விட்டால் அழுக்கு நுரையாகத் திரண்டு மேலே வரும்; அதன் தலையில் உள்ள கண்ணாடியில் பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று வழிவதைப் பார்க்கலாம். முகம் சுளிக்காதீர்கள், அது வழிந்தால்தான் உள்ளே தண்ணீர் நல்லாயிருக்கும். ஓசோன் கிருமியைக் கொல்லும். வளைகுடாவில் குளிரூட்டியும் வேண்டும். கோடையில் அந்தக் கடலின் மேல்தண்ணீரே 32 பாகையைத் தாண்டிவிடும். தொழிற்சாலை எஞ்சின் அறையில் பழகிய எனக்கு அந்த இரைச்சலில்தான் ஊர் ஞாபகம் வந்தது.

மீன் தொட்டிக்குக் குளோரின் ஆகாது. டொல்பினும் கடல்சிங்கமும் நம்மைப்போல் காற்றைச் சுவாசிப்பவை என்பதால் பல இடங்களில் அவற்றின் குளத்தில் கொஞ்சம் போடுவார்கள். குளத்தோரம் நின்றதும் உங்கள் கண் எரிந்தால், குளோரின் கழிவோடு சேர்ந்து குளோரமைன் ஆகிவிட்டது என்று அர்த்தம். வந்துபோகிற உங்களுக்கே எரிகிறதென்றால் நாள் முழுக்க அதிலேயே கிடக்கிற உயிரை நினைத்துப் பாருங்கள். கண்ணை மூடியபடியே நீந்தும் டொல்பினைக் கண்டால் ஏன் என்று கேளுங்கள். நிழல் எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். அந்த நாட்டு வெயிலில் நிழல் இல்லாத குளம் ஒரு தண்டனை.

நான் வேலை நேரத்திலும் நின்று வேடிக்கை பார்த்தது மருத்துவப் பயிற்சியைத்தான். விசில் ஒன்று, நுனியில் பந்து வைத்த கோல் ஒன்று, கை நிறைய மீன். டொல்பின் தானாகவே மல்லாந்து படுத்து வால் துடுப்பை மேடையில் நீட்டும். வைத்தியர் அதிலிருந்து இரத்தம் எடுப்பார். வலை இல்லை, கயிறு இல்லை, நாலு பேர் அமுக்கிப் பிடிப்பதும் இல்லை. விருப்பம் இல்லாவிட்டால் வாலை இழுத்துக்கொண்டு போய்விடலாம். அதற்கு அடியும் இல்லை பட்டினியும் இல்லை என்பதுதான் ஒழுங்கான இடத்தின் சட்டம். இதைக் காட்டுவார்களா என்று முன்கூட்டியே விசாரியுங்கள்.

உங்கள் மகன் சொல்வது யாஸ் தீவில் 2023இல் திறந்த சீவேர்ல்ட் ஆக இருக்கவேண்டும். நான் வேலை செய்தது அங்கே அல்ல. ஆட்கொல்லித் திமிங்கிலம் என்கிற ஓர்கா அங்கே இல்லை. டொல்பின், வால்ரஸ், பென்குவின் எல்லாம் இருக்கின்றன. பேத்தியின் வயதையும் உயரத்தையும் கேட்ட பிறகுதான் சில சுற்றுகளுக்கு டிக்கட் தருவார்கள், அதை முதலில் பாருங்கள். தரை ஈரம், சேலையும் செருப்பும் சரிவராது. நுழையும்போது மருந்துத் தண்ணீரில் காலை நனைக்கச் சொல்வார்கள், கோபிக்கவேண்டாம்.

ஒரு விஷயம். பின்பக்கம் போனால் தமிழும் மலையாளமும் சிங்களமும் காதில் விழும். மீன் கழுவுகிற தம்பி தூத்துக்குடியாகவும் இருப்பான், மட்டக்களப்பாகவும் இருப்பான். "சாப்பிட்டியா தம்பி?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வழிகாட்டி சொல்லாததை அவன் சொல்வான். வழிகாட்டி பக்கத்தில் நிற்கும்போது மட்டும் கேட்காதீர்கள், அவன் வேலைக்கு உலை வைத்துவிடும்.

கேள்வி: டுபாயில் இருக்கும் என் தங்கை டொல்பினோடு நீந்துவதற்குப் பதிந்திருக்கிறாள். என்னையும் வரச் சொல்கிறாள். டொல்பின் சிரித்துக்கொண்டே இருப்பதைப் பார்த்தால் அதற்கும் விருப்பம் போலத்தான் தெரிகிறது. போகலாமா?
– லிந்துலை வாசகி

பதில்: வேண்டாம் தங்கச்சி. அது சிரிப்பு இல்லை, தாடை எலும்பின் அமைப்பு. செத்தாலும் அப்படித்தான் இருக்கும். அது இருநூறு கிலோவுக்கும் மேல் வளரக்கூடிய மிருகம். வாலால் ஒரு தட்டுத் தட்டினால் விலா எலும்பு போய்விடும். கடித்த சம்பவங்களும் உண்டு. முகத்துக் கிரீமும் சன்கிரீமும் பூசிக்கொண்டு வரிசை வரிசையாக இறங்குகிறவர்களால் அந்தத் தண்ணீர் என்ன பாடுபடும் என்பதை பில்டர் கழுவியவன் நான் சொல்கிறேன். தொட்டுத்தான் ஆகவேண்டும் என்றால் திருக்கை மீன் தொட்டி இருக்கும். கையைத் தண்ணீரில் மட்டும் கழுவி, இரண்டு விரலால் முதுகில் மெதுவாகத் தடவுங்கள். வாலைப் பிடிக்கவேண்டாம்.

கேள்வி: எங்கள் ஊரில்தான் குளிர் இருக்கிறதே, கிரெகரி ஏரியில் பென்குவின் வளர்க்க முடியாதா?
– நுவரெலியா, தரம் 6 மாணவி

பதில்: இந்தமுறை வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான் மகள். உங்கள் ஊர் 1,868 மீற்றர் உயரம், ஜனவரி அதிகாலையில் புல்லில் பனி உறைவதும் உண்டு. ஆனால் பென்குவின் எல்லாமே ஐஸ்கட்டியில் வாழ்வதில்லை. தென்னாபிரிக்காவிலும் பெரு, சிலி கரைகளிலும் வெயிலில் வாழும் பென்குவின்கள் உண்டு. கலாபகோஸ் தீவுகளில் பூமத்திய ரேகைக்குப் பக்கத்திலேயே ஒரு வகை இருக்கிறது. ஆகவே குளிர் மட்டும் ஒரு கணக்கே இல்லை.

நுவரெலியாவில் தொல்லை கொடுக்கப்போவது ஈரம். உங்கள் வீட்டுச் சுவரில், மழைக்காலத்தில் அலுமாரிக்குள் இருக்கும் துணியில், பூஞ்சணம் பிடிக்கிறதல்லவா? அந்தக் கூட்டத்தில் அஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சணமும் உண்டு. அதன் தூள் மூச்சோடு உள்ளே போனால் பென்குவினின் நுரையீரல் கெட்டுப்போகும். அடைத்து வளர்க்கும் பென்குவின்களைக் கொல்லும் நோய்களில் இது முக்கியமானது. அதனால்தான் பூங்காக்களில் பென்குவின் அறைக்குள் வடிகட்டிய காற்றை விடுகிறார்கள், உள்ளே போகிறவர்களின் சப்பாத்தைக் கழுவ வைக்கிறார்கள். அடுத்தது நுளம்பு. நுளம்பு பரப்பும் பறவை மலேரியா பென்குவினுக்கு ஆகவே ஆகாது. மூன்றாவது வெளிச்சம். அந்தாட்டிக்கா பக்கத்துப் பென்குவின்களுக்கு நம்முடைய கோடை அவற்றின் குளிர்காலம். எப்போது முட்டையிடுவது, எப்போது இறகு உதிர்ப்பது என்பதையெல்லாம் பகலின் நீளத்தைப் பார்த்துத்தான் அவை தீர்மானிக்கும். அதனால் அறைக்குள் தெற்கு உலகத்தின் நாட்காட்டிப்படி விளக்கைக் கூட்டிக் குறைப்பார்கள். வெளியே நாற்பது பாகை வெயில் கொளுத்தும்போது உள்ளே அந்தி மங்கி இருட்டிக்கொண்டிருக்கும். வேலை முடிந்து அந்தக் கதவைத் திறந்து வெளியே வந்தால் எனக்கு எந்த நாடு, எந்த மாதம் என்பதே ஒரு நிமிடம் பிடிபடாது.

ஆகவே ஏரியில் வாத்தும் படகும் போதும்.

கேள்வி: நீங்கள் அங்கே சம்பளம் வாங்கிச் சாப்பிட்டவர். இப்போது வந்து நல்ல இடம், கெட்ட இடம் என்று பாடம் எடுக்கிறீர்கள். அந்த மிருகங்களை அடைத்து வைப்பது சரியா, பிழையா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.
– பதுளை வாசகர்

பதில்: சாப்பிட்டேன் ஐயா. என் பிள்ளைகள் படித்ததும் அந்தச் சம்பளத்தில்தான். ஓர்காவையும் டொல்பினையும் கடலில் பிடித்துக் கொண்டுவருவது பிழை. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. 2007இல் சொலமன் தீவுகளில் பிடித்த 28 டொல்பின்களை விமானத்தில் டுபாய்க்குக் கொண்டுபோனார்கள். அந்தச் செய்தி வந்தபோது எங்கள் அறையில் இருந்த யாரும் அதை நியாயப்படுத்தவில்லை.

திலிகும் என்ற ஓர்காவின் கதை தெரிந்திருக்கும். 1983இல் ஐஸ்லாந்துக் கடலில் குட்டியாகப் பிடிபட்டது. 2010 பெப்ரவரியில் ஒர்லாண்டோ சீவேர்ல்டில் டோன் பிராஞ்சோ என்ற பயிற்றுநரைக் கொன்றது. 2017 ஜனவரியில் தொட்டியிலேயே செத்தது. 1964இலிருந்து இந்தத் தொழிலில் இருக்கும் அந்த நிறுவனமே 2016இல் இனி ஓர்காவை இனப்பெருக்கம் செய்வதில்லை என்று அறிவித்துவிட்டது. இந்தியா 2013இல் டொல்பின் காட்சியகங்களுக்கு அனுமதி இல்லை என்றது. கனடா 2019இல் சட்டமே போட்டது.

"அப்படியானால் திறந்து விடுங்களேன்" என்பீர்கள். கெய்கோ என்ற ஓர்காவை அப்படித்தான் விட்டார்கள். எவ்வளவோ பணமும் பயிற்சியும் கொடுத்து 2002இல் ஐஸ்லாந்துக் கடலில் விட, அது நோர்வேக்கு நீந்திப்போய் மனிதரைத் தேடிக்கொண்டு கரையோரமாகவே சுற்றியது. அடுத்த வருடம் டிசம்பரில் செத்துப்போனது. தொட்டியில் பிறந்து வளர்ந்த டொல்பினுக்கு உயிருள்ள மீனைத் துரத்திப் பிடிக்கவே தெரியாது. இருப்பவற்றைக் கடைசிவரை ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளவேண்டும், புதிதாகச் சேர்க்கக்கூடாது, காட்சியைக் குறைக்கவேண்டும். மீன், திருக்கை, அடிபட்டு வந்த ஆமை போன்றவற்றைப் பெரிய தொட்டியில் வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

உள்ளே வேலை செய்கிறவர்களைக் கொடுமைக்காரர் என்று மட்டும் எழுதாதீர்கள். கடல்சிங்கம் ஒன்று சாப்பிடாமல் கிடந்த ராத்திரியில், பிலிப்பைன்ஸ்காரப் பெண் ஒருத்தி வேலை நேரம் முடிந்தும் அறைக்குப் போகாமல் குளத்தோரத்துச் சிமெந்தில் துவாயை விரித்துப் படுத்துக்கொண்டாள். மேலதிகக் கொடுப்பனவு எதுவும் இல்லை. காலை ஐந்து மணிக்கு அது ஒரு கணவாயைத் தின்றது என்று பம்ப் அறைக்கு ஓடிவந்து சொன்னாள்.

கேள்வி: உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். கடல் மிருகங்களைப் பராமரிக்கும் வேலைக்குப் போக ஆசை. மலையகத்துப் பிள்ளைக்கு இது முடியுமா?
– தலவாக்கலை மாணவி

பதில்: ஏன் முடியாது? மிருக வைத்தியம் என்றால் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அதற்கென்று பீடம் இருக்கிறது, உங்களுக்குப் பக்கம். கடலும் மீனும் என்றால் ருஹுணு பல்கலைக்கழகம், மாத்தறை. கொழும்பு மட்டக்குளியில் சமுத்திரப் பல்கலைக்கழகம் இருக்கிறது. வெட்டுப்புள்ளி எட்டாவிட்டால் உலகம் முடிந்துவிடாது. மின்சாரம், குழாய், குளிரூட்டி ஆகிய தொழில்களில் என்.வி.கியூ. என்ற தொழிற்தகைமைச் சான்றிதழோடு வந்தவர்கள்தான் அங்கே தண்ணீரை உயிரோடு வைத்திருக்கிறார்கள். நானும் அந்த வழியில் போனவன்.

ஆங்கிலம் வேண்டும். அதைவிட அவசரமாக நீச்சல் வேண்டும். பராமரிப்பாளர் வேலைக்குப் பல இடங்களில் நீச்சல் பரீட்சை வைத்துத்தான் எடுப்பார்கள், சுழியோடிச் சான்றிதழும் கேட்பார்கள். காசல்ரீ, மவுசாகலை என்று இத்தனை பெரிய நீர்த்தேக்கங்களுக்கு நடுவே வளர்ந்தும் நம் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேருக்கு நீந்தத் தெரியாது, "தண்ணிப் பக்கம் போகாதே" என்றுதான் வளர்த்தோம். அந்த நீர்த்தேக்கங்களில் இறங்கிப் பழகவேண்டாம், ஆபத்து. பயிற்சியாளர் உள்ள தடாகத்தைத் தேடுங்கள், பெண்பிள்ளைக்கு எதற்கு என்று வீட்டில் கேட்டால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

கேள்வி: வளைகுடாவுக்கெல்லாம் போக வசதி இல்லை. நம் நாட்டிலேயே இப்படிப் பின்பக்கம் பார்க்க ஏதாவது உண்டா?
– மஸ்கெலியா வாசகர்

பதில்: உடவளவை. அங்கே 1995இலிருந்து அநாதை யானைக்குட்டிகளுக்கான இடைத்தங்கல் இல்லம் இருக்கிறது. குறித்த நேரங்களில் குட்டிகள் ஓடிவந்து பால் குடிப்பதைத் தள்ளியுள்ள மேடையில் நின்று பார்க்கலாம், தொட விடமாட்டார்கள். வளர்ந்ததும் காட்டுக்கே திருப்பி விடுவதால் மனிதரைப் பழக்கக்கூடாது என்பது அவர்கள் கணக்கு. நான் பார்த்த எந்தக் கடல் பூங்காவையும்விட அந்த மேடை எனக்குப் பிடிக்கும்.

கொஸ்கொட பக்கம் போனால் ஆமை முட்டை பொரிக்கும் இடங்கள் நிறைய இருக்கும். உலகில் உள்ள ஏழு வகைக் கடலாமைகளில் ஐந்து நம் கரைக்கு வந்து முட்டையிடுகின்றன. எல்லா இடமும் ஒன்றல்ல, பார்த்துப் போங்கள். பொரித்த குஞ்சு முதல் ஒரு நாளுக்கு, வயிற்றில் உள்ள மஞ்சள் கருவின் பலத்தில், ஆழ்கடலைப் பார்த்து விடாமல் நீந்தும். அந்த நேரத்தில் அதைத் தொட்டியில் போட்டு, வருகிறவர் கையில் கொடுத்துப் படம் எடுக்க வைத்தால், அந்தப் பலம் தொட்டிச் சுவரில் முட்டியே தீர்ந்துவிடும். வாசலிலேயே கேளுங்கள்: "குஞ்சுகளை எப்போது கடலில் விடுவீர்கள்?" அன்றைக்கு ராத்திரியே என்றால் உள்ளே போங்கள். மூன்று நாள் வைத்திருப்போம், நீங்களே விடலாம், அதற்குத் தனிக் கட்டணம் என்றால் அப்படியே பஸ்ஸுக்குத் திரும்பிவிடுங்கள்.